மன அழுத்தமும் பிரார்த்தனையும்: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வெள்ளிக்கிழமை வழிபாடு முடிந்த பிறகு, பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பாமல் மண்டபத்து ஓரத்தில் தயங்கி நிற்பவர்கள் சிலர் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. தேவார வகுப்பு நடத்துபவன் என்ற முறையில் நான் சொல்லி வரும் விடைகளைச் சற்று விரிவாக இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவரிடம் போக வேண்டிய இடம் எது என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பெற்றோர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி இதைவிட அதிகமாகக் கஷ்டப்பட்டார்கள். அவர்கள் ‘மன அழுத்தம்’ என்று சொல்லிக் கேட்டதில்லையே?

பெயர் சொல்லாததால் அது இல்லாமல் போய்விடவில்லை. ஆபத்து வரும்போது உடல் அட்ரினலினையும் கார்ட்டிசோலையும் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. பாம்பைக் கண்டு விலகி ஓட இந்த ஏற்பாடு உதவும். ஆனால் வங்கியிலிருந்து வரும் கடிதமும், பணி ஓய்வுக்குப் பின் தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற அறிவிப்பும், பினாங்கில் வேலை பார்க்கும் மகன் மாதக்கணக்கில் அழைக்காமல் இருப்பதும் ஓடித் தப்பிக்கக்கூடிய ஆபத்துகள் அல்ல. அதனால் உடல் அந்த நிலையிலேயே நாள்கணக்கில் நின்றுவிடுகிறது. தூக்கம் கெடுகிறது, வயிறு எரிகிறது, சிறு சொல்லுக்கும் கோபம் வருகிறது. அன்றைக்கும் இது இருந்தது. பலர் அதைச் சம்சு என்னும் மலிவான சாராயத்தில் கரைத்தார்கள், அதற்கான விலையை அவர்களுடைய மனைவி மக்கள் கொடுத்தார்கள். எனவே தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான பழைய லயத்து வாழ்க்கையைப் பொற்காலமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போகும்போதும் பொதுக் குழாயடியிலும் யாருக்கு என்ன துன்பம் என்பது பத்து வீட்டுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்குத் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதியில் கதவைச் சாத்திய பிறகு பக்கத்து வீட்டாருக்கு எதுவும் தெரிவதில்லை.

இறைவன் மீது உண்மையான நம்பிக்கை இருந்தால் கவலையே வரக்கூடாது அல்லவா?

அப்படி எந்த அருளாளரும் சொல்லவில்லை. திருநாவுக்கரசர் பாடிய முதல் பதிகமே வலியில் துடித்த ஒருவரின் முறையீடு. சூலை நோயால் வாடி, திருவதிகையில் தமக்கை திலகவதியாரிடம் வந்து சேர்ந்த பிறகு அவர் பாடிய ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’ என்னும் பாடலில், வயிற்றுக்குள் குடரைத் துடக்கி முடக்கும் வலியைப் பெயர் சொல்லிக் கூறி, ‘ஆற்றேன் அடியேன்’ என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். சுந்தரர் இன்னும் ஒரு படி மேலே போனவர். ஒரு கண்ணில் பார்வை இல்லாமல் திருவாரூரில் நின்றபோது, ‘நீர் நன்றாக வாழ்ந்து போங்கள்’ என்று சிவபெருமானையே வசை பாடும் பதிகத்தை அவர் பாடினார். அதையும் நம் முன்னோர் திருமுறையில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அறிந்தும், சந்நிதியில் கண்ணீர் விட்ட ஒரு பெண்ணைப் பார்த்து ‘உனக்கு நம்பிக்கை போதவில்லை’ என்று சொல்பவர்கள் நம்மிடையே இருப்பது வருத்தத்துக்கு உரியது. இறைவனிடம் குறை சொல்வதும் அவன் அங்கே இருந்து கேட்கிறான் என்று நம்புவதால்தானே?

அப்படியானால் நம்பிக்கை என்றால் என்ன? எல்லாவற்றையும் அவன் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதா?

இதுவே எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படையான கேள்வி. இதற்கு என்னிடம் உள்ள விடை என் சொந்த விடை அன்று. திருக்கடம்பூர்ப் பதிகத்தில் அப்பர் பெருமான், ‘தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே’ என்று பாடியிருக்கிறார். பின்பாதியை மட்டும் எல்லாரும் மேடையில் சொல்வார்கள், முன்பாதியை விட்டுவிடுவார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அதில் ஒரு வேலைப் பங்கீடு இருப்பது தெரியும். தாங்குவது அவனுடைய பொறுப்பு, செய்வது என்னுடைய பொறுப்பு. கவலையால் நொந்துபோனவர்களைக் கவனித்தால், அவர்களில் பெரும்பாலோர் இந்தப் பங்கீட்டைத் தலைகீழாக மாற்றிக்கொண்டவர்களாக இருப்பார்கள். மகனுக்கு நல்ல வேலை கிடைக்குமா, மருமகள் மனம் மாறுமா, தோட்டத்தை யாருக்கு விற்பார்கள் என்று தம் கையில் இல்லாதவற்றை இரவெல்லாம் சுமப்பார்கள். நிரப்ப வேண்டிய விண்ணப்பப் படிவம், பார்க்க வேண்டிய மருத்துவர், கேட்க வேண்டிய மன்னிப்பு ஆகிய தம் கையில் உள்ளவற்றை ‘சாமி பார்த்துக்கொள்வார்’ என்று தள்ளிப் போடுவார்கள்.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் 1988-இல் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வொன்றில், இன்னல் வரும்போது சமய நம்பிக்கை உடையவர்கள் நடந்துகொள்ளும் முறைகளை மூன்றாகப் பிரித்தார். ‘கடவுள் எனக்கு அறிவு கொடுத்தார், இனி நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்பது ஒன்று. முழுவதையும் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பது மற்றொன்று. கடவுளைக் கூட்டாளியாகக் கொண்டு சேர்ந்து செய்வது மூன்றாவது. வெறுமனே ஒப்படைத்துக் காத்திருப்பவர்களிடம் தன்னம்பிக்கையும் சிக்கலைத் தீர்க்கும் திறனும் குறைவாகவும், சேர்ந்து செய்பவர்களிடம் கூடுதலாகவும் இருந்தன என்பதே அவர் கண்டது. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் வகுத்த பங்கீட்டுக்கு இது வெகு அருகில் இருக்கிறது என்பது என் கருத்து.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது என்று கேட்பார்கள். விளக்கேற்றிய பிறகு ஒரு தாளை எடுத்து, உங்களை வாட்டும் ஒரே ஒரு செய்தியை எழுதுங்கள். பணி ஓய்வுக்குப் பின் வீடு என்ன ஆகும் என்பது கவலை என்றால், ஊழியர் சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதும், குறைந்த விலை வீட்டுக்கு மனுச் செய்வதும், பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துப் பேசுவதும் உங்கள் கடன். மனு ஏற்கப்படுமா, மூத்த மகன் ஒத்துக்கொள்வானா என்பவை உங்கள் கடன் அல்ல. முதல் வகையில் ஒன்றை நாளைக்கே செய்வதாக இறைவன் முன் சொல்லுங்கள். இரண்டாம் வகையை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அவன் பொறுப்பில் விடுங்கள். மறுநாள் இரவு அது திரும்பி வந்து நெஞ்சில் உட்காரும். வந்தால் மறுபடியும் விடுங்கள். ஒருமுறை விட்டால் போய்விடும் என்று எதிர்பார்ப்பவர்களே சீக்கிரம் சலித்துப் போகிறார்கள்.

பாடி வழிபடும்போது நெஞ்சு இலேசாவதை உணர்கிறோம். அது வெறும் பிரமையா?

பிரமை அன்று. இத்தாலிய ஆய்வாளர் லூசியானோ பெர்னார்டியும் உடன் ஆய்ந்தவர்களும் 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நலமுள்ள 23 பேரை, கத்தோலிக்கர்களின் செபமாலை மன்றாட்டை இலத்தீனிலும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற மந்திரத்தையும் சொல்லச் செய்தபோது, அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறை என்ற அளவுக்குத் தானாகவே நிதானப்பட்டது. அந்த வேகத்தில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சீரான ஒத்திசைவுக்கு வந்தன. சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறைக்குக் குறையாமல் மூச்சு விடுகிறோம். நீட்டிப் பாடும்போது வெளிமூச்சு நீள்கிறது. வெளிமூச்சு நீளும்போது உடலை அமைதிப்படுத்தும் நரம்பு மண்டலம் வேலை செய்யத் தொடங்குகிறது.

ஆகையால் பதிகத்தை ஓட்டமாக ஓட்டி முடிப்பதில் பயன் குறைவு. கந்த சஷ்டி கவசத்தைக் கைப்பேசியில் ஓடவிட்டு, அதன் வேகத்தைத் துரத்திக்கொண்டே சமையல் செய்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முழுவதையும் சொல்ல நேரமில்லை என்றால் நான்கு அடிகளை மட்டும் உட்கார்ந்து, ஓர் அடிக்கு ஒரு மூச்சாக, வாய்விட்டுப் பாடுங்கள். குரல் நன்றாக இல்லையே என்ற கூச்சம் வேண்டாம். நம் வகுப்பில் நல்ல குரல் உள்ளவர் ஒருவரோ இருவரோதான்.

இந்த விளக்கத்தைக் கேட்டு, ‘அப்படியென்றால் எல்லாம் மூச்சுப் பயிற்சிதானா, கடவுள் எங்கே?’ என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். மூச்சு உடலைத் தயார் செய்கிறது; அதன் பிறகு யாரிடம் பேசுகிறோம் என்பது நம்பிக்கையைச் சார்ந்தது, அதைக் கருவி வைத்து அளக்க முடியாது.

பாடும்போதே கடன்காரன் முகம் மனத்தில் வருகிறது. மனம் நிற்கவில்லையே?

வரட்டும். வந்ததை ஒரு குற்றமாக எண்ணாமல் அடுத்த அடிக்குத் திரும்புங்கள். திரும்புவதுதான் பயிற்சி.

எங்கள் தோட்டக் கோயிலை இடம் மாற்றிய பிறகுதான் குடும்பத்தில் தொடர்ந்து துன்பம். இது தெய்வக் குற்றமா?

செம்பனைத் தோட்டம் வீடமைப்புத் திட்டமாகும்போது, பாட்டன் காலத்து மாரியம்மனும் மரத்தடி முனீஸ்வரரும் வேறிடத்துக்குப் பெயர்வதை இந்நாட்டில் பல ஊர்கள் கண்டிருக்கின்றன. அந்த மண்ணோடு உறவு அறுந்த துக்கம் மெய்யானது. அந்தத் துக்கத்தை இறைவனின் கோபம் என்று பெயர் மாற்றிக்கொள்ளும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. பார்கமென்ட் குழுவினர் 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 மருத்துவமனை நோயாளிகளை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். கடவுள் தம்மைக் கைவிட்டுவிட்டார், தம்மீது அன்பில்லாமல் போய்விட்டார் என்பது போன்ற எண்ணங்களோடு போராடியவர்களிடையே இறப்புக்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. சமய நம்பிக்கை எப்போதும் மனத்துக்கு மருந்து என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இது சான்று. எப்படிப்பட்ட இறைவனை நம்புகிறோம் என்பது முக்கியம். வேலை போனதற்கும் நீரிழிவு வந்ததற்கும் உலகத்துக் காரணங்கள் உண்டு. புதிய கோயிலுக்குப் போய், பழைய இடத்தை நினைத்து அழ வேண்டும் என்றால் அழுங்கள். ‘என்ன தப்புச் செய்தேன்’ என்று கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஒருவர் செய்வினை என்கிறார், இன்னொருவர் சனி என்கிறார். பரிகாரத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட ஞானசம்பந்தரிடம், கோள்கள் சரியில்லை என்று அப்பரே அன்போடு தடுத்தார். அதற்குச் சம்பந்தர் பாடிய விடைதான் கோளறு பதிகம். அதன் முதல் பாடலிலேயே ஞாயிறு முதல் சனி வரையும், பாம்பு இரண்டு என்று இராகு கேதுவையும் வரிசையாகச் சொல்லி, அவை அடியார்க்கு மிகவும் நல்லவையே என்று முடித்தார். பாடிவிட்டுப் பயணத்தையும் தொடர்ந்தார். அந்தப் பதிகத்தைப் பாடக் கட்டணம் இல்லை. பயத்தை முதலில் உண்டாக்கிவிட்டு அதைப் போக்க விலை பேசுகிறவர் பூசாரியாக இருந்தாலும் போமோ என்னும் மலாய் மந்திரவாதியாக இருந்தாலும், அவரிடம் போய் வந்த பிறகு உங்கள் அழுத்தம் கூடியதா குறைந்ததா என்று பாருங்கள். வாங்கிய கடனைச் சேர்த்துப் பார்த்தால் கூடித்தான் இருக்கும்.

கடன்தான் எங்களுடைய எல்லாக் கவலைக்கும் வேர். பிரார்த்தனை கடனை அடைக்குமா?

அடைக்காது, கடனை நிமிர்ந்து பார்க்கும் தெம்பைத் தரும். நம் மக்களில் பலர் வங்கிக் கடிதத்தைப் பிரிக்காமலேயே மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். வழிபாடு முடிந்த அமைதியில் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படியுங்கள் என்பதே நான் சொல்லும் முதல் பரிகாரம். 2006-இல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம், வங்கிக் கடன், கிரெடிட் கார்டு போன்றவற்றில் சிக்கியவர்களுக்குக் கட்டணமின்றி ஆலோசனை வழங்கி, தவணைகளைத் திருத்தி அமைக்க வங்கிகளோடு பேசுகிறது. ஆலோங் என்னும் உரிமமற்ற வட்டிக்காரரிடம் வாங்கிய கடன் அதன் வரம்புக்குள் வராது. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவது இந்நாட்டுச் சட்டப்படி குற்றம் என்பதால், மிரட்டல் வந்தால் போலீசில் புகார் செய்வதே வழி. வெட்கத்தால் அதை மறைத்து, ஓர் ஆலோங்கின் கடனை அடைக்க இன்னோர் ஆலோங்கிடம் போவதுதான் குடும்பங்களை அழிக்கிறது. கோயில் நிர்வாகத்தில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் சொல்லி, புகார் செய்யப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

எங்களால் வர முடியவில்லை. பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை வைத்துவிட்டால் போதாதா?

அர்ச்சனை வையுங்கள், தடையில்லை. ஆனால் பிறர் நமக்காகச் செய்யும் பிரார்த்தனையை மாத்திரையைப் போல எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில், இதய அறுவை சிகிச்சைக்கு உட்பட்ட 1,802 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. முன்பின் தெரியாதவர்கள் அவர்களுக்காக வேண்டிக்கொண்டதால் சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்கள் குறையவில்லை; தமக்காக வேண்டுகிறார்கள் என்று உறுதியாக அறிந்திருந்தவர்களில் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல் ஏற்பட்டது. மற்ற இரு பிரிவினரிடம் அது 51, 52 விழுக்காடுதான். இதைக் கேட்டு மனம் உடைய வேண்டியதில்லை. இறைவனைச் சோதனைச்சாலையில் நிறுத்தி விடை வாங்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம்: ‘உனக்காக வேண்டிக்கொள்கிறேன்’ என்று படுக்கையில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போவதோடு நிற்காமல், அவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார வேண்டும்.

மனத்துயர் தீரத் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் காவடி எடுக்க நேர்ந்துகொண்டு, விரதம் இருக்கிறேன். எனக்கு நீரிழிவு உண்டு.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி வேளையையும் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மயங்கி விழுந்து ஈப்போ மருத்துவமனையில் சேர்வது நேர்த்திக்கடனின் பகுதி அன்று. ஒருவேளை உணவு, புலால் தவிர்த்தல், பேச்சைக் குறைத்தல் ஆகியவையும் விரதமே.

மனநோய்க்கு மருந்து சாப்பிடுவது இறைநம்பிக்கைக் குறைவா?

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், காலையில் எழுந்திருப்பதே பாரமாக இருந்தால், அது வழிபாட்டைக் கூட்டுவதால் மட்டும் தீரும் நிலை அன்று. மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம், மனநலப் பரிசோதனையும் அங்கே உண்டு. மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சில வாரங்கள் சென்ற பிறகே பலன் தெரியும் என்பதால் பாதியில் நிறுத்தக் கூடாது. திருநீறு பூசிக்கொண்டு மருந்தைச் சாப்பிடுங்கள். நெஞ்சுவலி, இடது கை வலி, வியர்வை என்று வந்தால் அதை ‘டென்ஷன்’ என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது. இதை யாரிடம் சொல்வது? போலீஸ் வருமா?

இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். மலேசியாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்பவரைச் சட்டம் தண்டிக்காது. பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அங்கே பேசுபவர்கள் உங்கள் சமயத்தையோ பெயரையோ கேட்டு வற்புறுத்தாமல் காதுகொடுத்துக் கேட்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் என்னும் மனநல உதவிச் சேவையை 15555 என்ற எண்ணில் அழைக்கலாம். வீட்டில் அடி உதையால் இந்த நிலை வந்திருந்தால் தாலியான் காசே என்னும் உதவிச் சேவையை 15999 என்ற எண்ணில் அழையுங்கள். இத்தகைய எண்ணத்தை உங்களிடம் ஒருவர் வெளியிட்டால், பாவம் என்றும் மறுபிறவி என்றும் உபதேசம் தொடங்காதீர்கள். பூச்சிமருந்தை அவர் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் தோட்டப் புறங்களில் எளிதாகக் கைக்குக் கிடைப்பதால் இதைத் தனியே எழுத வேண்டியிருக்கிறது.

நான் கிறிஸ்தவர். உங்கள் வகுப்புக்கு வருபவர் என் நண்பர். இவை எனக்கும் பொருந்துமா?

பொருந்தும். மேலே சொன்ன மூச்சு ஆய்வில் செபமாலையும் இருந்ததே. செபமாலையோ முஸ்லிம்களின் திக்ரோ தேவாரமோ, உங்களுக்குச் சிறுவயதிலிருந்து வாயில் பழகியது எதுவோ அதையே நிதானமாகச் சொல்லுங்கள்.

தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். கோயில் திறந்திருக்கும்போது தூங்குகிறேன், நான் எழும்போது நடை சாத்தியிருக்கிறது.

தொழிற்சாலைப் பேருந்தில் உட்கார்ந்ததும் கைப்பேசியை எடுப்பதற்கு முன், தெரிந்த ஒரு பாடலை மூன்று முறை மெதுவாக வாய்க்குள் சொல்லுங்கள். வேலை முடிந்து வரும்போது அன்றைக்கு நெஞ்சில் தங்கியதை அவனிடம் சொல்லிவிட்டுத் தூங்கப் போங்கள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு அமைந்தால் வகுப்புக்கு வாருங்கள். மாலை ஏழரைக்குத் தொடங்குகிறோம், தாமதமாக வந்தாலும் பாயில் இடம் இருக்கும்.